கண்ணில் படவில்லை

அவர் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறை. அது ஆம்பூரில், அவருடைய அம்மாவின் எதிரில், நோன்பு திறக்கும் நேரத்தில். மற்ற நாட்களில் எல்லாம், ‘இல்லை’ வர வேண்டிய இடத்தில் அவர் சொன்னது வேறு: “கண்ல படல.”

ஸ்டோர் ரூம் சாவி எங்கே என்று கேட்டால், “மேஜ மேல கண்ல படல.” கூட்டத்துக்கு இன்னார் வந்தாரா என்றால், “என் கண்ல படல.” ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கும் துணிச்சல் உள்ளவர்களுக்கும் அதே பதில்தான், கூடவே ஒரு சிரிப்பு. எங்கள் கான்டீனில் பரிமாறும் தருமபுரிக்காரர் அடுத்தவரிடம் சத்தமாகச் சொல்வார்: “மேடத்துகிட்ட வடை தீந்துபோச்சுன்னு சொல்லாதய்யா. கண்ல படலன்னு சொல்லு. இல்லாட்டி உள்ள வந்து தேடுவாங்க.” மேடம் உள்ளே போய்த் தேடியும் இருக்கிறார். ஒருமுறை வடை கிடைத்தது.

அவர் இறந்துவிட்டார். எழுத உட்கார்ந்தபோது என் பழக்கப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். எழுதக்கூடாதவை: அலுவலகத்தின் பெயர், விமானத்தின் வகை, சோதனை நடந்த இடம், எந்த எண்ணும். எழுதக்கூடியவை: அவர் பேசியது, சாப்பிட்டது, சிரித்தது, பயந்தது. அவருடைய பெயரை முதல் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அவருடைய அம்மா இருக்கிறார். யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடக் கூடாது.

நாங்கள் பெங்களூரில் வேலை செய்தோம். விமானப்படையின் கண்காணிப்பு விமானத்தின் முதுகில் பொருத்தும் ராடாரை உருவாக்கும் வேலை. ராடார் என்பது கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, அவ்வளவுதான். தரையில் நின்று வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டால் அங்கே பதில் சொல்ல அதிகம் பேர் இருப்பதில்லை. விமானத்தில் ஏறிக் கீழே பார்த்துக் கூப்பிட்டால் எல்லாமே பதில் சொல்லும்: மலை, ஏரிக்கரை, செல்போன் டவர், ஷூ கம்பெனியின் கூரைத் தகடு, நெடுஞ்சாலை லாரி. அத்தனை கூச்சலுக்கு நடுவில், தாழப் பறந்து வரும் ஒரு சின்ன விமானத்தின் பதிலைப் பிரித்தெடுக்க வேண்டும். எவ்வளவு பலமான பதில் வந்தால் திரையில் புள்ளி வைப்பது என்று ஒரு கோடு போட வேண்டும். கோட்டைத் தாழ்த்தினால் திரை முழுக்கப் பொய்ப் புள்ளிகள். உயர்த்தினால் திரை சுத்தமாகிவிடும். நிஜமும் அதோடு சேர்ந்து போய்விடும். கோட்டைப் போடும் குழுவில் அவர் இருந்தார். போட்ட கோட்டைச் சோதிக்கும் குழுவில் நான்.

திரை சுத்தமாக இருந்தால் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் பயம் வந்துவிடும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். “இன்னா இது, இவ்ளோ அமைதியா இருக்கு?” என்பார், தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் தாயைப் போல.

அவரோடு எனக்குப் பழக்கம் உண்டானது அலுவலகத்தில் அல்ல, ரயிலில். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பும் கூட்டத்தில் அவரும் இருப்பார். அவர் ஆம்பூரில் இறங்குவார். நான் காட்பாடி வரை போவேன். அலுவலகத்தில் எல்லோரையும் போல ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். ரயில் ஏறியதும் அது தானாக ‘ஆபா’ ஆகிவிட்டது. எங்கள் தெருவில் முஸ்லிம் வீட்டு அக்காக்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் பையில் எப்போதும் இருப்பவை: மடக்குக் குடை, நிலக்கடலைப் பொட்டலம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, யாராவது ஒருவர் தூக்கிப் போட்ட சர்க்யூட் போர்டு. “இதுல இன்னா கெட்டுப்போச்சுன்னு இன்னும் யாரும் பாக்கல” என்பார், ஏதோ அதற்காகத்தான் அதை வீட்டுக்குத் தூக்கிப் போவதைப் போல.

வாணியம்பாடி தாண்டியதும் ஜன்னல் வழியாகத் தோல் கம்பெனிகளின் வாடை வரும். ஒருநாள் எதிர் இருக்கையில் இருந்த வெளியூர்க்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னங்க இது, எலி எதுவும் செத்துக் கிடக்கா?”

“சோறு சார் அது. எங்க ஊரு சோறு” என்றார் ஆபா.

அந்த மனிதருக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. “இப்பல்லாம் நாத்தமே இல்ல ஆபா. சுத்திகரிப்பு நிலையம் வந்ததுக்கப்புறம் போய்டுச்சு.”

“உனக்கு வர்லன்னு சொல்லு. உங்க அப்பா ராணிப்பேட்டைல தோல் கம்பெனில இருக்காரு. பொறந்ததுல இருந்து உன் மூக்கு பழகிப்போச்சு. கம்மியா ஜாஸ்தியான்னு அந்த சார் மூக்கதான் கேக்கணும்.”

அவருடைய அப்பாவும் தோல் கம்பெனியில்தான் இருந்தார், தரம் பிரிக்கும் வேலையில். உண்ணிக்கடியும் முள் கீறலும் பார்த்துத் தோலை ஒதுக்கிய அப்பாவிடமிருந்து மகளுக்கு இந்தக் குணம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவரே அதைக் கெடுத்துவிட்டார். “எங்க அப்பாவா? ஓட்டைத் தோலையும் பஸ்ட் கிளாஸ்னு அனுப்பிட்டு நிம்மதியா தூங்குவாரு. அதனாலதான் வேலையே போச்சு.”

அந்த ரயிலில்தான் தனக்கு மார்பில் கட்டி இருப்பதையும் சொன்னார். கடலைத் தோலை ஊதிக்கொண்டே, அடுத்த வாரம் விடுப்பு என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். அறுவை சிகிச்சை, பிறகு மருந்து, பிறகு கதிர்வீச்சு. எல்லாம் வேலூரில் நடந்தன. முடி கொட்டியது, முக்காடு எப்போதும் இருந்ததால் அலுவலகத்தில் பலருக்குத் தெரியவில்லை. கதிர்வீச்சு முடிந்து முதல் ஸ்கேன் முடிவு வாங்கப் போனபோது ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கு ஒரே பஸ்.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். நல்ல செய்தி சொல்லப் போகிறவர்களின் முகம் இருந்தது அவருக்கு.

“ரிப்போர்ட் நல்லா இருக்கும்மா. ஒண்ணும் இல்ல.”

“எவ்ளோ சின்னது வரைக்கும் அந்த மெஷினுக்குத் தெரியும், டாக்டர்?”

டாக்டர் சிரித்தார். எதிரில் சிரிப்பைக் காணாததால் நிறுத்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சில மில்லிமீட்டராவது இருக்கணும். அப்பதான் தெரியும்.”

“அதுக்குக் கீழ இருந்தா?”

“அதுக்குக் கீழ இருந்தா எங்களால சொல்ல முடியாது. நீங்க எந்தத் துறைல இருக்கீங்க?”

“நானும் இதே துறைதான் டாக்டர். கொஞ்சம் தூரத்துல இருக்கறத பாக்குறோம்.”

டாக்டருக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். வாசல் வரை எழுந்து வந்தார்.

வெளியே, வராந்தா பெஞ்சில், ஆபாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆபா அவரை ‘அம்மி’ என்று கூப்பிடுவார், அவர் மகளை ‘பேட்டி’ என்பார். அம்மிக்கு இந்த நாளில் கேட்க வேண்டியது ஒரே ஒரு சொல். மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று அவர் ஒரு நிய்யத் வைத்திருந்தார், மனதுக்குள் எடுத்துக்கொண்ட ஓர் உறுதி: நோய் போய்விட்டது என்று மகள் தன் வாயால் சொல்லும் வரை திங்களும் வியாழனும் நோன்பிருப்பேன் என்று. டாக்டர் சொன்னால் போதாது. டாக்டர்கள் எல்லோருக்கும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தன் மகள் இல்லாததைச் சொல்ல மாட்டாள் என்று அம்மிக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நோன்பிருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் மட்டுமல்ல, பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார். கேட்கவில்லை.

“இன்னா சொன்னாங்க பேட்டி? போய்டுச்சா?”

“கண்ல படலயாம் அம்மி.”

அம்மியின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “பாத்தியாமா? அவ்ளோ பெரிய டாக்டரு இல்லன்னு சொல்றாங்க. இவ வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு. கூலி கேக்குதா அந்த வார்த்தை?”

“பசிக்குது அம்மி, வாங்க” என்று ஆபா நடந்துவிட்டார். அன்று வியாழக்கிழமை. அம்மி சாப்பிடவில்லை. எங்கள் இருவருக்கும் கான்டீனில் இட்லி வாங்கித் தந்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அம்மி குழாயடியில் மயங்கி விழுந்தார். நோன்பு நாள்தான். பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தபோது நாங்கள் கூட்டத்தில் இருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை ரயிலில் நான் கோபமாகவே பேசினேன்.

“ஒரு வார்த்தைதானே ஆபா. போய்டுச்சுன்னு சொல்லிட்டா அவங்க சாப்டுவாங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஸ்கேன் சொல்றதுதானே?”

“ஸ்கேன் அத சொல்லல. உனக்குத் தெரியும் ஸ்கேன் இன்னா சொல்லுதுன்னு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, நான் கேட்காமலே: “நான் போய்டுச்சுன்னு சொல்லி, நாளைக்கு அது திரும்பி வந்தா? அப்புறம் அவங்க யாரு பேச்ச நம்புவாங்க? இப்போதைக்கு அவங்ககிட்ட இருக்கற ஒரே மெஷின் நான்தான்.”

எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. இன்று யோசித்தாலும் பாதி அப்படித்தான் படுகிறது. உண்மை பேசுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர்களைப் பட்டினி போடுகிறார்கள் என்று அன்றிரவு என் அம்மாவிடம் சொன்னேன்.

அந்த வருடம்தான் சாலை விவகாரம் வந்தது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் லாரியும் காரும் எங்கள் திரையில் மெதுவாகப் பறக்கும் விமானம் போலவே தெரியும். திரையைப் பார்க்கும் அதிகாரிகள் சலித்துப்போனார்கள். இது வான்படைக்கா, போக்குவரத்துப் போலீசுக்கா என்று கேட்டார்கள். எங்கள் குழுத் தலைவர் ஒரு வழி சொன்னார். வரைபடத்தில் இருக்கும் சாலைகளின் மேல் ஒரு பட்டை போட்டுவிடுவது. அந்தப் பட்டைக்குள் மெதுவாக நகரும் எதையும் திரையில் காட்ட வேண்டாம் என்று ராடாருக்குச் சொல்லிவிடுவது. மற்ற இடங்களிலும் செய்வதுதான். எல்லோரும் தலையாட்டினோம்.

“ரோட்டுக்கு மேலயே ஒருத்தன் பறந்து வந்தா?” என்று கேட்டார் ஆபா.

“எதிரி ஏன் மேடம் சுங்கச்சாவடி வழியா வரப் போறான்?” என்றார் தலைவர். நன்றாகச் சிரித்தோம். ஆபாவும் சிரித்தார். பட்டை போடப்பட்டது. திரை கண்ணாடி போல ஆனது.

சோதனை நாளில் எங்கள் விமானம் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது பார்ப்பதை நாங்கள் தரையில் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். இலக்காக ஒரு சின்ன, மெதுவான விமானத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். அது தாழப் பறந்து வர வேண்டும். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். காலையிலிருந்து பனிமூட்டம். முதலில் புள்ளி தெரிந்தது, ஒழுங்காக நகர்ந்தது, பிறகு மறைந்துவிட்டது. காத்திருந்தோம். வரவில்லை.

“பைலட் வழி மாறிட்டார். அந்தப் பகுதியில விமானம் இல்லை” என்றார் தலைவர். ஒருவர் அதைக் குறித்தும்கொண்டார்.

“நம்ம கண்ல படல” என்றார் ஆபா.

“மேடம், இப்ப வேணாமே.”

வயர்லெஸ்ஸில் பைலட்டிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் சாவகாசமாகப் பதில் சொன்னார்: மூட்டத்தில் தரை சரியாகத் தெரியவில்லை. கீழே நெடுஞ்சாலை மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே வந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன பாதைதான்.

மூட்டத்தில் சாலையைப் பிடித்துப் பறப்பது பைலட்டுகளின் பழைய பழக்கம். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். பட்டை போட்ட அன்று யாருக்கும் நினைவு வரவில்லை.

சில நிமிடங்களில் அறை ஜன்னலுக்கு வெளியே இன்ஜின் சத்தம் கேட்டது. நாங்கள் தேடிய விமானம், காதுக்கு எட்டும் தூரத்தில். திரை சுத்தமாக இருந்தது.

நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். டீயில் ஆடை படிந்தது.

“பாக்க வேணாம்னு நாம சொன்னோம்மா. அது கேட்டுக்கிச்சு, பாவம்” என்றார். “ஒருநாள் மேல, அந்த விமானத்துல, யாராவது ஒரு புள்ள இந்தத் திரைய நம்பி உக்காந்திருக்கும். சுத்தமா இருக்குன்னு வீட்ட நெனச்சுக்கிட்டு இருக்கும்.”

பட்டையை எடுத்தார்கள். லாரிகள் திரும்பி வந்தன. திரை முழுக்கப் புள்ளிகள் ஊர்வதைப் பார்த்து எல்லோரும் முனகினோம். அவர் மட்டும் கன்னத்தில் கை வைத்து, கோலத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணாவது தோல் லோடா இருக்கும் பாரேன். எங்க ஊருக்கு.” அதன் பிறகு அந்த லாரிகளையும் விமானங்களையும் பிரிக்க வேறு வழி தேடும் வேலையில் இறங்கினார். அது மெதுவான வேலை. ஒவ்வொரு புள்ளியையும் தொடர்ந்துபோய், இது சாலையில் ஓடுகிறதா, சாலைக்கு மேல் பறக்கிறதா என்று கேட்க வேண்டும். எதையும் பார்க்காமல் ஒதுக்கக் கூடாது. அவர் விட்டுப்போன இடத்திலிருந்து வேறொருவர் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

பிறகு அந்த வியாழக்கிழமை. நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. ஸ்கேன் முடிவு வாங்க வந்ததாகவும், இந்த முறை தனியாகவே டாக்டரைப் பார்த்துவிட்டதாகவும் சொன்னார்.

“காட்பாடி ஸ்டேஷனுக்கு வர்றியா? என்கூட ஆம்பூர் வரைக்கும் வா. அம்மி உன்ன கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

ரயிலில் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “வீட்ல சொல்றேன்” என்றார். குடியாத்தம் தாண்டி மலை வரிசை வந்தது. அதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

வீடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். நாங்கள் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மி விரிப்பில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு தட்டில் பேரீச்சம்பழம், ஒரு சொம்பு தண்ணீர், மூடி வைத்த கஞ்சி. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மகளைப் பார்த்ததும் கேள்வி வந்தது. எத்தனையோ வியாழக்கிழமைகளாகக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வியில் சத்தமே குறைந்துபோயிருந்தது.

“இன்னா சொன்னாங்க பேட்டி?”

ஆபா பதில் சொல்லாமல் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். அம்மியின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.

“இல்ல அம்மி” என்றார். “போய்டுச்சு. ஒண்ணுமே இல்ல.”

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அம்மி பழத்தை எடுத்தார். ஆனால் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மகளின் வாயில் வைத்தார். பிறகு அழுதார், சிரித்தார், மகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். “இத சொல்ல உனக்கு இவ்ளோ நாளாச்சா? கல் நெஞ்சுக்காரி!” சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, “கேட்டியா? என் பொண்ணே சொல்லிட்டா!” என்று கத்தினார். கஞ்சியை எனக்கும் ஊற்றினார். நான் குடித்தேன். ஆபாவின் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

பஸ் ஏற்றிவிட நெடுஞ்சாலை வரை அவரே கூட வந்தார். மேம்பாலத்துக்கு அடியில் நின்றோம். தலைக்கு மேல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தூண் லேசாக அதிர்ந்தது. ஆபா அண்ணாந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆபா, ஸ்கேன்ல…”

“கண்ல பட்டுச்சு” என்றார். “நல்லா பெருசாவே. கல்லீரல்ல.”

நான் அவர் கையைப் பிடித்தேன். வேலூர் பஸ் வந்து, நடத்துநர் இறங்கி ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். ஆபா என் பையைத் தூக்கிப் படியில் வைத்தார்.

“அம்மிகிட்ட எதுவும் சொல்லிடாத” என்றார். “வர்ற திங்கக்கெழம அவங்க சாப்டணும்.”